ஊருணியில் ஊறிய சிவப்பு

அத்தை ரங்கூனிலிருந்து வந்து சேர்ந்தபோது அவளுடைய தகரப் பெட்டிக்குள் என்ன இருக்கும் என்பதில் எங்கள் வீட்டில் ஆளுக்கொரு நினைப்பு இருந்தது. அம்மா பவுன் என்று நினைத்தாள். அக்கா பட்டு என்று நினைத்தாள். எனக்கு அப்போது ஒன்பது வயது. கண்ணை மூடித் திறக்கும் பொம்மை ரங்கூனில் கிடைக்கும் என்று யாரோ சொல்லியிருந்ததால் நான் அதை நினைத்துக்கொண்டிருந்தேன். அப்பா மட்டும் எதையும் நினைக்கவில்லை. தங்கை உயிரோடு வந்தால் போதும் என்று மதுரை ஸ்டேஷனில் காத்துக் கிடந்து, அகதிகள் வந்த ரயில்களில் பெட்டி பெட்டியாக எட்டிப் பார்த்து, அவளைக் கண்டுபிடித்து அழைத்து வந்தவர் அவர். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பின்னால் வரப்போகிற காரியத்தைச் செய்தவரும் அவர்தான்.

எங்கள் ஊர் பரளச்சிப் பக்கம், வண்டிப் பாதையில் உள்ளே தள்ளிக் கிடந்த ஒரு கரிசல் ஊர். பஸ்ஸைப் பார்க்க வேண்டுமென்றால் பந்தல்குடிக்குப் போக வேண்டும். நாலைந்து வீடுகள்தான் கிறிஸ்தவ வீடுகள். மற்றவர்கள் மழையை நம்பிப் பருத்தியும் கம்பும் போட்ட சம்சாரிகள். அப்பா வார நாட்களில் மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார். ஞாயிற்றுக்கிழமை அதே கட்டடத்தில் அதே மேசைக்குப் பின்னால் நின்று ஜெபம் நடத்தும் உபதேசியார். இரண்டுக்கும் ஒரே வெள்ளைச் சட்டை. அதில் ஒரு சொட்டு மை பட்டுவிட்டால் அம்மாவுக்குச் சோறு இறங்காது.

தகரப் பெட்டியைத் திறந்தபோது மேலே இரண்டு சேலை, ஒரு வேதபுத்தகம், மாமாவின் கோட்டு. மாமா ரங்கூனில் அரிசி மில் ஒன்றில் கிளார்க்காக இருந்தவர். குண்டு விழ ஆரம்பித்ததும் அத்தையைக் கப்பலில் ஏற்றிவிட்டு, பின்னால் வருகிறேன் என்று சொல்லி நின்றுவிட்டார். கோட்டுக்கு அடியில், பழைய வேட்டியில் பொதிந்து, முகம் தெரிகிற அளவுக்கு மினுங்கும் கறுப்பு மரப்பெட்டி ஒன்று இருந்தது. அத்தை அதைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்ட விதத்தைப் பார்த்து அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

உள்ளே பேனாக்கள் இருந்தன.

“எல்லாம் சப்பான் பேனா மதினி” என்றாள் அத்தை.

ஒன்று கறுப்பு அரக்குப் பூசி, அதன் மேல் பொன்தூளில் ஒரு மீன் வரைந்தது. ஒன்று ஆமை ஓட்டைப் போல மஞ்சளும் பழுப்பும் கலந்தது. ஒன்று கட்டைவிரல் பருமன்; அதன் வயிற்றுக்குள் நேராக மையை ஊற்றிப் பின்பக்கத்துத் திருகை இறுக்கிவிட்டால் தலைகீழாகப் பிடித்தாலும் சொட்டாது. கீழ்த்தட்டில் மைப்புட்டிகள், தண்ணீர் விட்டு உரசுகிற மைக்கட்டி, உரசுவதற்கு ஒரு கல், மூங்கில் பிடி வைத்த தூரிகைகள், சுண்ணாம்பு டப்பா அளவுக்குச் சின்னச் சின்னப் பீங்கான் கிண்ணங்கள். புட்டிகளின் மேல் ஒட்டியிருந்த காகிதங்களில் கூரை வேய்ந்தது போன்ற எழுத்துகள்.

அம்மா பெட்டிக்குள் எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டாள். “நகை?”

“கப்பலுக்கு வித்தாச்சு. இத வாங்கத்தான் ஆள் இல்ல.”

இது பாதிப் பொய் என்று எனக்குப் பின்னாளில் தோன்றியிருக்கிறது. அவள் அதை விற்கக் கேட்டுப் பார்த்திருக்கவே மாட்டாள்.

ரங்கூனில் அவள் குடியிருந்த வீட்டுக்குக் கீழே ஒரு சப்பான்காரத் தம்பதி போட்டோ கடை வைத்திருந்தார்களாம். அந்தக் காலத்தில் போட்டோ என்றால் கறுப்பும் வெளுப்பும்தான். கல்யாணப் போட்டோக்களுக்குச் சேலையிலும் கன்னத்திலும் கையாலேயே வண்ணம் ஏற்றிக் கொடுப்பார்கள். அந்தக் கடைக்காரம்மா அத்தைக்கு அந்த வேலையைக் கற்றுக்கொடுத்து, செய்த வேலைக்குக் கூலியாகப் பேனாவும் தூரிகையும் கொடுத்திருக்கிறாள். அத்தைக்குப் பிள்ளை இல்லை. பகல் நீளமாக இருந்திருக்கும். ஒரு பேனா வந்தது, அதற்குத் துணையாக இன்னொன்று வந்தது, பிறகு அவளே கடைகடையாகத் தேட ஆரம்பித்துவிட்டாள்.

“மாமா வைய மாட்டாகளா?” என்று ஒரு நாள் கேட்டேன்.

“வையவா? மில்லு விட்டு வாரப்ப அவுகளே மை வாங்கிட்டு வருவாக. பூ வாங்கிட்டு வாராக பாரு, அது மாதிரி.”

எனக்கு அது ரசிக்கவில்லை. பூ வாங்கி வருகிற மாமா போதும் என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால் அத்தை வந்த நாள் முதலாக எனக்கு அவளால் வெட்கமாகத்தான் இருந்தது. எந்நேரமும் விரல் நுனியில் நீலமோ பச்சையோ இருக்கும். ஜெபத்துக்கு வந்து கையைக் கூப்பினால் எல்லாரும் அந்த விரல்களைத்தான் பார்ப்பார்கள். கண்ணை மூடி ஜெபம் பண்ணச் சொல்லிவிட்டு எங்கள் ஊரில் யாரும் கண்ணை மூடுவதில்லை.

இது போதாதென்று அவள் எங்கள் வீட்டுச் சுவரில் இருந்த அப்பா அம்மா கல்யாணப் போட்டோவைக் கழற்றி வண்ணம் ஏற்றினாள். அம்மாவின் சேலை அரக்குச் சிவப்பானது, மாலையில் ரோஜா பூத்தது. அதோடு நிறுத்தியிருக்கலாம். அப்பாவின் உதட்டிலும் இளஞ்சிவப்பு வைத்துவிட்டாள். “வாத்தியாரய்யா ஒதட்டுக்குச் சாயம் பூசிருக்காகளாம்” என்று சொல்லிக்கொண்டு பருத்தி எடுத்துவிட்டுத் திரும்பிய பெண்கள் மடியை அவிழ்க்காமல் நேரே எங்கள் வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். நான் அடுப்படிக்குள் ஒளிந்துகொண்டேன். அப்பா போட்டோவைக் கழற்றிப் பெட்டியில் வைத்துவிட்டார். கோபித்துக்கொள்ளவில்லை. அவருக்குக் கோபம் வராது, பயம்தான் வரும். அந்த வயதில் அதை நான் சாந்தகுணம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பெட்டிக்குள் போன அந்தப் போட்டோவை அத்தை எடுத்துக் காட்டியபோது ரசித்தவர் ஒருவர்தான். பள்ளிக்கூடத்தைப் பார்வையிட வந்த வெள்ளைக்கார மிஸ்ஸியம்மா. அருப்புக்கோட்டையில் பெண்பிள்ளைகள் தங்கிப் படிக்கும் பள்ளிக்கூடத்தை நடத்தியவர். வேதபுத்தகத் தமிழில் பேசுவார். அத்தையின் கையெழுத்தையும் பார்த்துவிட்டு, “இந்தச் சகோதரி எங்களிடத்தில் வந்து பிள்ளைகளுக்குச் சித்திரம் போதிக்கலாமே” என்றார்.

அப்பா சிரித்து மழுப்பி அவரை வண்டி ஏற்றிவிட்டு வந்தார்.

“நான் போறேண்ணே” என்றாள் அத்தை.

“மச்சான் வந்து கேட்டா நான் என்ன சொல்ல? ஒங்க பொண்டாட்டியச் சம்பளத்துக்கு அனுப்பிச்சுட்டேன்னா? ஊரு என்ன பேசும்? அண்ணங்காரன் சோறு போட மாட்டேன்னுட்டான்னு பேசும்.”

“அவுக வர்ற வரைக்குந்தான்.”

“வர்ற வரைக்கும் இங்க இரு.”

மாமாவிடமிருந்து ஒரு கடுதாசியும் வரவில்லை. ரங்கூன் விழுந்துவிட்டது என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். ரங்கூன் என்ன மாங்காயா விழுவதற்கு என்று நான் யோசித்தேன்.

சித்திரை பிறந்து பள்ளிக்கூடம் பூட்டியிருந்த சமயம், கிராம முன்சீப் எங்கள் வீட்டுக்கு வந்தார். நாற்காலியில் உட்கார்ந்து மோர் குடித்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்.

“பர்மாவுல இருந்து வந்த ஆளுக பேரெல்லாம் திருச்சுழி போலீசு டேசன்ல கேட்டிருக்காக. ஒண்ணும் பயமில்ல, சும்மாதான். ஆனா சப்பான் எழுத்து ஒரு துண்டுக் காயிதத்துல இருந்தாலும் வெவகாரமாயிருமாம். ஒங்க வீட்ல ஏதோ பெட்டி இருக்குன்னு பொம்பளைக பேசிக்கிட்டாக.”

அவர் போன பிறகு அப்பாவுக்கு வேர்த்துக்கொண்டே இருந்தது. அத்தையைக் கூப்பிட்டு அதையெல்லாம் எரித்துவிடச் சொன்னார்.

“போன வருசம் வரைக்கும் அருப்புக்கோட்டைக் கடையில வித்த பொம்மையில எல்லாம் இதே எழுத்துதானண்ணே இருந்துச்சு” என்றாள் அத்தை. “அத வாங்குனவுகளையெல்லாம் பிடிச்சிட்டாகளா?”

“பொம்மை வாங்குனவன் வாத்தியார் இல்லம்மா. எனக்குச் சம்பளம் வாரது சர்க்கார் குடுக்கிற மானியத்துல.”

அத்தை எரிக்கவில்லை. பெட்டியை எடுத்துக்கொண்டு போய்த் தான் படுக்கும் மூலையில் வைத்து, அதன் மேல் மாமாவின் கோட்டைப் போர்த்தினாள்.

சில நாள் கழித்து அம்மாவும் அத்தையும் அக்காவும் பரளச்சியில் ஒரு ஜெபக் கூட்டத்துக்குப் போனார்கள். எனக்குப் பொன்னுக்கு வீங்கி. கன்னத்தில் மருந்தைப் பூசிக்கொண்டு வீட்டுக்குள் படுத்திருந்தேன். உச்சிவெயிலில் அப்பா பின்பக்கமாக வந்தார். கையில் மம்பட்டி. குடிதண்ணீர்ப் பானையிலிருந்து செம்பு செம்பாக மொண்டு காலைக் கழுவினார். எங்கள் வீட்டில் அந்தப் பானைத் தண்ணீரில் கால் கழுவுவது பெரிய பாவம். அதனால்தான் நான் எட்டிப் பார்த்தேன். கணுக்கால் வரைக்கும் கறுப்புச் சேறு. அவர் என்னைப் பார்க்கவில்லை. எனக்குக் கன்னம் வலித்தது, மறுபடியும் படுத்துக்கொண்டேன்.

சாயங்காலம் அத்தை பெட்டியைத் தேடினாள். பரணில் ஏறிப் பார்த்தாள். குதிருக்குப் பின்னால் பார்த்தாள். அப்பா வேதபுத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமல், “இந்தப் பஞ்சத்துல களவாணிப் பயலுகளுக்கா கொறச்சல்” என்றார். அத்தை தேடுவதை நிறுத்திவிட்டு அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கோட்டை எடுத்து மடித்து வைத்தாள். அதன் பிறகு அவள் பெட்டியைப் பற்றி யாரிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. விரல்கள் ஒரு வாரத்தில் வெளுத்துவிட்டன. எனக்கு அது நிம்மதியாக இருந்தது.

எங்கள் ஊர்க் குடிதண்ணீர்க் குளமான ஊருணி கோடையில் நடுவில் ஒரு குட்டையாகச் சுருங்கிப் போகும். பிறகு அதுவும் வற்றும். அப்போது ஊருணிக்குள்ளேயே ஊற்றுத் தோண்டுவார்கள். குழிக்குள் ஒரு பெண் இறங்கி உட்கார்ந்து, கசிகிற தண்ணீரைச் சிரட்டையால் மொண்டு குடத்தில் ஊற்றுவாள். மற்றவர்கள் கரையில் வரிசையாக இருப்பார்கள். ஒரு குடம் நிறைய வெகுநேரம் ஆகும் என்பதால் ஊர்க்கதை முழுவதும் அங்கேதான் பேசப்படும். ஓர் ஊற்று தூர்ந்து போனால் பக்கத்தில் இன்னொன்று தோண்டுவார்கள்.

அப்படிப் புதிய ஊற்றுத் தோண்டிய அன்று நானும் அம்மாவும் குடத்தோடு போயிருந்தோம். இரண்டு இளவட்டங்கள் கருவேல மரத்துக்கு நேராக வெட்டினார்கள். மண் பொதுபொதுவென்று இருப்பதாகச் சந்தோஷப்பட்டார்கள். மம்பட்டி எதிலோ ‘டக்’கென்று பட்டது. இன்னும் இரண்டு வெட்டு. குழியில் தண்ணீர் ஊறத் தொடங்கியது.

ஊறிய தண்ணீர் சிவப்பாக இருந்தது.

முன்னால் இருந்த கிழவி குடத்தை மெதுவாகக் கவிழ்த்து வைத்தாள். குழிக்குள் நின்றவன் முழங்கால் வரைக்கும் சிவந்து போய் அசையாமல் நின்றான். எனக்கு எகிப்து தேசத்து நதி ரத்தமான கதை ஞாபகம் வந்தது. அப்பா அதை மாதம் ஒரு முறையாவது பிரசங்கம் பண்ணுவார். பிறகு யாரோ ஒருத்தி சொன்னாள். “சப்பான்காரன் வெசத்தப் போட்டுட்டான்.” அதற்குப் பிறகு ஊரே ஓடி வந்துவிட்டது.

ஊர்ப் பெரியவர் வந்தார். முன்சீப் வந்தார். அப்பாவும் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். இளவட்டங்கள் குழிக்குள் கையை விட்டு இழுத்துக் கரையில் போட்டார்கள். கறுப்பு மரப்பெட்டி. மூடி பிளந்திருந்தது. உடைந்த புட்டிகள், பொன்மீன் பேனா, ஆமை ஓட்டுப் பேனா, எல்லாம் சேற்றோடு சேறாக வெளியே சரிந்தன.

எங்கள் ஊரில் சித்திரை மாதத்தில் காலில் சேறு ஒட்டுவதற்கு ஒரே ஓர் இடம்தான் உண்டு. மற்ற நிலமெல்லாம் மம்பட்டி இறங்காத பாறை. எனக்கு அந்த உச்சிவெயிலும் பானைத் தண்ணீரும் ஒரே சமயத்தில் விளங்கின. நான் அப்பாவின் கால்களைப் பார்த்தேன். சுத்தமாக இருந்தன. ஆனாலும் ஊர் முழுவதும் அந்தக் கால்களையே பார்ப்பதாக எனக்குத் தோன்றியது. அவமானம் என்றால் என்ன என்று எனக்குத் தெரிந்தது அப்போதுதான். அதற்கு முன்னால் அத்தையின் விரலுக்கும் அப்பாவின் உதட்டுக்கும் நான் பட்டதெல்லாம் வெறும் வெட்கம்.

ஊர்ப் பெரியவர் மரியாதையாகத்தான் கேட்டார். “வாத்தியாரய்யா, இது ஒங்க வீட்டுச் சாமான்தான?”

அப்பா துண்டை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றினார். வாயைத் திறந்தார். சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். பொய் சொல்லாதிருப்பாயாக என்று பலகையில் எழுதி எங்களை நூறு தடவை படிக்க வைத்தவர். திறந்த வாயை மறுபடியும் மூடிக்கொண்டார். அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

“என்னோடது” என்று பின்னாலிருந்து குரல் வந்தது. அத்தை எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. கூட்டம் விலகி வழிவிட்டது.

“ஒங்களுதுன்னா, இங்க எப்படி வந்துச்சு?” என்றார் முன்சீப்.

“நாந்தான் பொதச்சேன். சப்பான் எழுத்து இருக்குன்னு பயமாப் போச்சு. ஊருல வேற எங்கயும் மம்பட்டி எறங்கல.”

“அண்ணனுக்குத் தெரியுமா?”

“தெரியாது.”

இதைச் சொன்னபோது அவள் அப்பாவைப் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். அவர் ஊருணிக் கரைக்கு அப்பால், ஒன்றுமே இல்லாத காட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“தண்ணியில வெசத்தக் கலந்துட்டு இப்படி நிக்கிறீகளே தாயி” என்றார் ஊர்ப் பெரியவர்.

“வெசமில்லய்யா. மை. எங்க வீட்டுக்காரவுக வாங்கிக் குடுத்தது.” சொல்லிக்கொண்டே அவள் குழிக்குள் இறங்கினாள். குனிந்து இரண்டு கையாலும் அந்தத் தண்ணீரை அள்ளினாள். எல்லாருக்கும் முன்னால் குடித்தாள். இன்னொரு தடவையும் அள்ளிக் குடித்தாள்.

நிமிர்ந்தபோது உதட்டிலும் மோவாயிலும் சிவப்பு வழிந்தது. ரவிக்கையில் சொட்டியது. சுற்றிலும் ஆண்கள். உபதேசியார் வீட்டுப் பெண் கூத்தாடியைப் போல வாயைச் சிவக்க வைத்துக்கொண்டு குழிக்குள் நிற்கிறாள். பூமி பிளந்தால் நல்லது என்று நான் ஆசைப்பட்டேன். கரிசல் பூமி அந்தக் கோடையில் எங்கெங்கோ பிளந்திருந்தது. என் காலடியில் மட்டும் பிளக்கவில்லை.

ஊர்ப் பெரியவர் வெகுநேரம் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. கடைசியில், குழியை மூடிவிட்டுத் தள்ளி வேறு ஊற்றுத் தோண்டச் சொன்னார். பிறகு அப்பாவை ஓரமாக அழைத்தார். ஓரம் என்றாலும் நாங்கள் கேட்கிற தூரம்தான்.

“நீங்க எங்க பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் குடுக்கிறவுக. ஒங்கள ஒரு சொல் சொல்ல மாட்டோம். ஆனா அந்தம்மாவ ஊருல வச்சிருக்க வேணாம். போலீசு வந்தா ஊருக்கே வம்பு.”

அப்பா தலையை ஆட்டினார். அந்தத் தலையாட்டல் இன்றைக்கும் என் கண்ணுக்குள் இருக்கிறது. ஒரு தடவை ஆட்டியிருந்தால் போதும். மூன்று நான்கு தடவை ஆட்டினார்.

பெட்டியை டேசனில் ஒப்படைப்பதாகச் சொல்லி முன்சீப் எடுத்துக்கொண்டு போனார். டேசனிலிருந்து எந்தப் போலீசும் வரவில்லை. ஐப்பசியில் அவர் மகன் கல்யாணத்துக்குப் போயிருந்தபோது, மாப்பிள்ளையின் சட்டைப் பையில் பொன்மீனின் வால் தெரிந்தது.

வீட்டுக்கு வந்ததும் அத்தை முகத்தைக் கழுவிவிட்டு, துணிகளை மடிக்க ஆரம்பித்தாள். அப்பா வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஏதோ சொல்லப் போகிறார் என்று அம்மா என்னை வெளியே போகச் சொன்னாள். நான் போகவில்லை.

“நான் அருப்புக்கோட்டைக்குப் போறேண்ணே. மிஸ்ஸியம்மாட்ட” என்றாள் அத்தை.

“மச்சான் வந்தா…”

“வந்தா எடத்தச் சொல்லுங்க. அங்க வருவாக.”

அவ்வளவுதான் பேச்சு. அப்பாவால் வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை. வேண்டாம் என்று சொல்லும் வாயை அவர் ஊருணியில் விட்டுவிட்டு வந்திருந்தார்.

மறுநாள் காலையில் வண்டி கட்டிப் பந்தல்குடிக்குப் போனோம். அப்பா முன்னால் உட்கார்ந்தார். அத்தையும் நானும் பின்னால். எவ்வளவு கழுவியும் அவள் உதட்டில் சிவப்பு முழுக்கப் போகவில்லை. அழுவாள் என்று நான் எதிர்பார்த்தேன். ஊரைவிட்டு விரட்டப்பட்டவள் அழத்தானே வேண்டும். அவள் என் தலையைச் சீவிப் பின்னிவிட்டாள். வழியில் பட்டுப் போன பருத்திக் காட்டைக் காட்டி, “இந்தக் கலரு எதக் கலந்தா வரும்னு நெனைக்க?” என்று கேட்டாள். எனக்கு அவள் மேல் எரிச்சலாக வந்தது. அவள் இடத்தில் நான் இருந்திருந்தால் தலையைத் தூக்கியிருக்க மாட்டேன்.

பந்தல்குடியில் ரோட்டோரக் காப்பிக் கடைக்கு முன்னால் பஸ்ஸுக்குக் காத்து நின்றோம். தூத்துக்குடிப் பக்கமிருந்து உப்பு மூட்டை ஏற்றிய லாரிகள் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போயின. கடைக்காரர் அப்பாவுக்குத் தெரிந்தவர். காப்பியை ஆற்றிக்கொண்டே அத்தையை ஒரு முறையும் அவள் உதட்டை ஒரு முறையும் பார்த்தார்.

“வாத்தியாரய்யா, இவுக யாரு?”

தங்கச்சி என்று சொல்லுங்கள் அப்பா என்று மனத்துக்குள் கெஞ்சினேன். இந்த ஒன்றையாவது சொல்லுங்கள்.

அப்பா காப்பித் தம்ளரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “அருப்புக்கோட்டை ஸ்கூலுக்குப் போறாக. டீச்சரம்மா.”

நான் தரையைப் பார்த்தேன். தங்கை என்று சொல்லிக்கொள்ளக்கூட அவருக்குத் தைரியம் இல்லை, யாரோ ஒரு பெண்ணைப் போலச் சொல்லிவிட்டார் என்று என் காது சுட்டது. அத்தையின் முகத்தை எப்படிப் பார்ப்பது என்று தெரியாமல் மெல்ல நிமிர்ந்தேன்.

அத்தை புடவைத் தலைப்பைச் சரிசெய்து நேராக நின்றுகொண்டிருந்தாள். கண் கலங்கியிருந்தது, ஆனால் சிரித்துக்கொண்டிருந்தாள். “வாரேண்ணே” என்றாள். பஸ் வந்தது. கடைக்காரர் ஓடி வந்து, “டீச்சரம்மா, இப்படி முன்னால ஏறுங்க” என்று பெட்டியை வாங்கி ஏற்றிவிட்டார். ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து, பஸ் திரும்புகிற வரைக்கும் அந்தச் சிரிப்போடுதான் போனாள்.

திரும்பி வரும்போது வண்டியின் பின்பக்கத்தில் நான் மட்டும் இருந்தேன். அண்ணன் தன்னைத் தங்கை என்றுகூடச் சொல்லாத இடத்தில் ஒருத்தி எதற்காகச் சிரித்தாள் என்று ஊர் வந்து சேரும் வரை யோசித்தேன். எனக்கு விளங்கவில்லை. முன்னால் உட்கார்ந்திருந்த அப்பா ஏன் வழி நெடுக ஒரு தடவைகூட என் பக்கம் திரும்பவில்லை என்பதும் விளங்கவில்லை.